அழைக்கும் குரலும் இழுக்கும் குரலும்

பிள்ளைகளே,

ஜெபத்துக்கு முழங்காலிட்டால் மனம் நிற்கவில்லை என்று உங்களில் பலர் என்னிடம் சொல்கிறீர்கள். வாலிபர் கூட்டம் முடிந்தபின் ஓரமாக நின்று சொன்ன தம்பியும், கைக்குழந்தையோடு வந்து கண்கலங்கிய மகளும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். கண்ணை மூடினால் ஆபீஸ் வேலை ஞாபகம் வருகிறது. வேதத்தைத் திறந்தால் பிள்ளை அழுகிறது. பிரசங்கம் நடக்கும்போது கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வருகிறது. கர்த்தரை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறோமோ என்று பயப்படுகிறீர்கள்.

மிஷன் ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்சாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். பெல்லும் அழுகையும் ஓயாத இடத்தில் என் வயது கழிந்தது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அடுப்பு, பிள்ளைகள், வயதான மாமியார். அமைதியான ஒரு மணி நேரம் கிடைத்த பிறகுதான் ஆண்டவரை நினைக்க முடியும் என்றிருந்தால், என் வாழ்நாளில் பாதிக்கு மேல் அவரை நினைக்காமலே போயிருக்கும். ஆகவே நான் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் கவனத்தைக் கலைக்கும் காரியங்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல. சில நம்மைத் தேடி வருகின்றன: அழும் குழந்தை, வலியில் கூப்பிடும் நோயாளி, நேரம் தெரியாமல் கதவைத் தட்டும் பக்கத்து வீட்டுக்காரர். சிலவற்றை நாம் தேடிப் போகிறோம்: பிறர் வாழ்க்கையை எட்டிப் பார்ப்பது, பழைய மனஸ்தாபத்தை எடுத்து வைத்துக்கொண்டு அசைபோடுவது, நாளைக்கு வரப்போகிற கஷ்டத்தை இன்றைக்கே சுமப்பது. முதல் வகையைக் கண்டு எரிச்சல்படுகிறோம். இரண்டாவது வகைக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்குள் பலருக்குத் தலை நரைத்துவிடுகிறது. உங்களுக்கு அது சீக்கிரமே விளங்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து ஊசி போடுகிற காலம். எங்கள் வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். அவர் நாடி பார்க்கும் விதத்தை நான் கூர்ந்து கவனித்திருக்கிறேன். நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைப்பார். மறுகையால், யூனிபார்மில் குத்தியிருக்கும் கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் எண்ணுவார். எண்ணி முடித்தபின் விரல்களை உடனே எடுக்கமாட்டார். ஒரு மூச்சு நேரம் அப்படியே வைத்திருப்பார். உதடு அசையாது, கண் மூடாது. அதன்பிறகு சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். முப்பது கட்டில் இருந்தால் முப்பது முறை அப்படி.

அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவர் ஜெபிக்கிறார் என்பது எங்களுக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. தெரிந்தபின் எங்களில் ஒருத்தி ஆர்வத்தோடு, "சிஸ்டர், எண்ணும்போதே ஜெபம் பண்ணிரலாமா?" என்று கேட்டாள்.

"எண்ணும்போது ஒழுங்கா எண்ணு பிள்ள. தப்பா எழுதிட்டு ஜெபம் பண்ணி என்ன பிரயோசனம்? எண்ணி முடி. அப்புறம் அந்த ஆளைக் கர்த்தர்கிட்ட சொல்லு."

அந்தப் பதிலை இத்தனை வருஷமாக நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எடை குறையவில்லை. வேலையில் கவனமாக இருப்பது தேவனிடமிருந்து கவனத்தைத் திருப்புவது ஆகாது. நோயாளியின் நாடியைச் சரியாக எண்ணுவதும் அவருக்குச் செய்கிற ஊழியம்தான். பக்தியின் பெயரால் வேலையை அரைகுறையாகச் செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பரீட்சைப் பேப்பர் திருத்தும் ஆசிரியரானாலும், பஸ் ஓட்டும் டிரைவரானாலும், கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் நீங்களானாலும், கையில் இருக்கிற வேலையை முழு மனதோடு செய்யுங்கள். ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவே ஒரு மூச்சு நேரம் எல்லோருக்கும் இருக்கிறது. அதை அவருக்குக் கொடுங்கள். நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது சிறிய நேரமாக இராது.

நெகேமியாவும் அப்படித்தான் ஜெபித்தார். ராஜாவுக்குத் திராட்சரசம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. உனக்கு என்ன வேண்டும் என்று அர்தசஷ்டா ராஜா கேட்கிறான். அந்தக் கேள்விக்கும் இவர் சொன்ன பதிலுக்கும் இடையில் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார் என்று வேதம் சொல்கிறது. ராஜாவை எவ்வளவு நேரம் காக்க வைத்திருக்க முடியும்? ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் அதற்கு முன்னால் நாட்கணக்காக அழுது உபவாசித்து ஜெபித்த மனிதர் அவர் என்பதையும் மறக்கக் கூடாது. தனியே உட்கார்ந்த பழக்கம் இருந்ததால்தான் அவசரத்திலும் அவருக்கு அது வந்தது.

இனித் தேடி வருகிற தொந்தரவைப் பற்றிச் சொல்கிறேன். என் தகப்பனார் சாத்தான்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியார். இரவில் குடும்ப ஜெபம் தவறாது. ஒருநாள் அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து வேதம் வாசித்துக்கொண்டிருந்தபோது, தெருக்கோடி வீட்டுக்காரர் ஓடி வந்தார். மருமகளுக்குப் பிரசவ வலி, வண்டி கட்ட ஆள் வேண்டும் என்றார். அப்பா வாசித்துக்கொண்டிருந்த வசனத்தில் பனையோலைக் கீற்று ஒன்றை வைத்து வேதத்தை மூடினார். ஜெபத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். விடிந்தபின்தான் திரும்பினார். அன்று இரவு ஓலைக் கீற்று இருந்த இடத்தைத் திறந்து அடுத்த வசனத்திலிருந்து வாசித்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எங்களுக்கும் தேவைப்படவில்லை.

மாற்கு சுவிசேஷம் 5ஆம் அதிகாரத்தை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள்; வயது 12. ஆண்டவர் அங்கே விரைந்துகொண்டிருக்கிறார். வழியில், 12 வருஷமாகப் பெரும்பாட்டினால் அவதிப்பட்ட ஒரு பெண் கூட்டத்துக்குள் புகுந்து அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நிற்கிறார். தொட்டது யார் என்று கேட்கிறார். நெருக்குகிற கூட்டத்தில் இப்படிக் கேட்கிறாரே என்று சீஷர்கள் வியக்கிறார்கள். அவளோ நடுங்கிக்கொண்டே வந்து தன் கதை முழுவதையும் சொல்கிறாள். அதற்குள் மகள் இறந்துவிட்டாள் என்று செய்தி வருகிறது. யவீருவின் இடத்தில் நின்று பாருங்கள். அந்தப் பெண் அவன் கண்ணுக்கு எப்பேர்ப்பட்ட இடையூறாகத் தெரிந்திருப்பாள்! ஆண்டவருக்கு அவள் இடையூறாகத் தெரியவில்லை. அவளை மகளே என்று அழைத்து அனுப்பிவிட்டு, யவீருவின் வீட்டுக்கும் போனார். அந்தச் சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பினார். நின்றதனால் எதுவும் கெட்டுப்போகவில்லை. பால் கேட்டு அழும் குழந்தையால் என் ஜெபம் கெட்டது என்று வருந்துகிற மகளே, இந்த அதிகாரம் உனக்குத்தான்.

நம் திருநெல்வேலிச் சீமையில் இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1895இல் இந்தியாவுக்கு வந்த எமி கார்மைக்கேல் அம்மையார் தமிழ் கற்று, நம் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிவந்தார். அதற்காகவே கடல் கடந்து வந்தவர் அவர். 1901இல் தேவதாசியாக விடப்பட இருந்த ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலமாக வந்தாள். பின்னால் இன்னும் பல பிள்ளைகள் வந்தார்கள், கைக்குழந்தைகளும் வந்தார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கவும் இரவில் கண்விழிக்கவும் ஆள் வேண்டும். ஊழியப் பயணம் நின்றது. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டும் என்று நம் பக்கத்தில் சொல்லும் வழக்கை அவரும் நன்றாக அறிந்திருந்தார். சுவிசேஷ வேலையை விட்டுவிட்டு ஆயா வேலை பார்ப்பது சரிதானா என்ற கேள்வி அவருக்குள்ளும் எழுந்தது. சீஷர்களின் காலைக் கழுவ இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்ட ஆண்டவரை நினைத்தபோது அதற்குப் பதில் கிடைத்தது. அப்படித்தான் டோனாவூரில் அந்தப் பிள்ளைகளுக்கான இல்லம் உண்டாயிற்று. வேலைக்குக் குறுக்கே வந்ததாகத் தோன்றியதே அவருடைய வாழ்நாள் வேலையாகிவிட்டது. 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பிறகு 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான் இருந்தார். அங்கேயிருந்தும் எழுதினார், ஜெபித்தார், பிள்ளைகளை அழைத்துப் பேசினார். காலைக் கட்டியது பிள்ளைகளானாலும் படுக்கையானாலும் அவர் பார்வை மாறவில்லை.

ஆகவே உங்களைத் தேடி வருகிற தேவையைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். எழுந்து போங்கள். நான் கடுமையாகப் பேச நினைப்பது மற்றொன்றைப் பற்றி.

எருசலேம் அலங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்த நெகேமியாவை, அவர் எதிரிகளான சன்பல்லாத்தும் அவன் கூட்டாளிகளும் ஓனோ பள்ளத்தாக்குக்குப் பேச வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். நான்கு முறை அழைத்தார்கள். நான்கு முறையும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்: பெரிய வேலை செய்கிறேன், இறங்கி வர முடியாது என்று. ஐந்தாம் முறை அவதூறு எழுதிய கடிதம் வந்தது. அதற்கும் அவர் இறங்கவில்லை. 52 நாளில் அலங்கம் முடிந்தது. ஏழைகளின் கூக்குரல் கேட்டபோது இதே நெகேமியா அதற்குச் செவிகொடுத்து நியாயம் செய்தார் என்பதையும் அதே புத்தகத்தில் வாசிக்கிறோம். எந்தக் குரலுக்கு இறங்க வேண்டும், எதற்கு இறங்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று ஓனோ பள்ளத்தாக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. போனை நான் வெறுக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் முகத்தை அதில்தான் பார்க்கிறேன். ஆனால் காலையில் கண்விழித்ததும் கை எதைத் தேடுகிறது என்று கவனியுங்கள். போனிலேயே வேதம் வாசிக்கிறோம் என்கிறீர்கள். வாசிக்கும்போதே மேலே ஒரு செய்தி வந்து இறங்குகிறது. விரல் அதைத் தொடுகிறது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் எந்த அதிகாரம் வாசித்தோம் என்பதே நினைவில் இல்லை. சபை வாட்ஸ்அப் குழுவில் விடிகாலையில் வசனப் படங்கள் வரிசையாக வருகின்றன. வந்ததை அடுத்த குழுவுக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அனுப்புவது வேறு, வாசிப்பது வேறு. அச்சடித்த வேதம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதில் யாரும் மெசேஜ் அனுப்ப முடியாது.

போனில் நேரம் போவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, அது பிறரையே பார்க்கப் பழக்குவது. கலிலேயாக் கடற்கரையில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவுக்கு மூன்று முறை கேள்வி கேட்டு, தன் ஆடுகளை ஒப்படைத்து, தன் பின்னே வரச் சொன்னார். பேதுரு என்ன செய்தார்? திரும்பிப் பார்த்தார். பின்னால் யோவான் வருவதைக் கண்டு, இவன் காரியம் என்ன என்று கேட்டார். அதைப் பற்றி உனக்கென்ன, நீ என் பின்னே வா என்ற கருத்தில் பதில் வந்தது. அவ்வளவு பெரிய பொறுப்பைப் பெற்ற அந்த நேரத்திலேயே பார்வை பக்கத்து ஆள்மேல் போயிற்று என்றால், நாம் எம்மாத்திரம்? அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அவன் கனடா போய்விட்டான், அந்தச் சபையில் கூட்டம் பெருகுகிறது, நம் சபை அப்படியே இருக்கிறது. பெத்தானியா வீட்டில் மார்த்தாள் பட்ட பாடும் இதில் சேர்ந்ததுதான். அவள் சமைத்ததை ஆண்டவர் குறை சொல்லவில்லை. அநேக காரியங்களைக் குறித்துக் கலங்கிக்கொண்டு, கூடவே தங்கையைப் பற்றிப் புகார் சொன்னபோதுதான் அவளைத் திருத்தினார்.

கோயில் காரியமும் கர்த்தரை மறைக்கும் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். கமிட்டித் தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு குடும்பங்கள் வருஷக்கணக்காகப் பேசாமல், ஒரே ஆராதனையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பாடியதைப் பார்த்திருக்கிறேன். இருவருமே சபைக்கு உழைத்தவர்கள். அசனப் பண்டிகைக்கு அரிசி மூட்டை இறக்குவதிலும், கிறிஸ்மஸ் கீதபவனிக்குப் பிள்ளைகளைத் திரட்டுவதிலும் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. உழைப்பு நிலைத்தது, யாருக்காக உழைக்கிறோம் என்ற நினைவு நழுவிவிட்டது. நீங்கள் பாடகர் குழுவிலோ ஞாயிறு பள்ளியிலோ இருந்தால், அந்த வேலையே உங்கள் ஜெபத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள விடாதீர்கள்.

சரி, கவனம் போய்விட்டது. என்ன செய்வது? திரும்புவதுதான். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். இளமையில் படைவீரர், போரில் காலில் காயம்பட்டு நொண்டி நடந்தவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு வேலை. அது அவருக்குப் பிடிக்காத வேலை. ஒருமுறை மடத்துக்குத் திராட்சரசம் வாங்கப் பர்கண்டிக்கு அனுப்பினார்கள். கால் ஊனம் என்பதால் படகில் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் நகர முடிந்தது. வியாபாரமும் தெரியாது. உமது வேலைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று தேவனிடம் சொல்லிவிட்டு அதைச் செய்து முடித்தார். அடுப்படிச் சத்தத்திலும் நற்கருணை முன் முழங்காலிட்ட நேரத்தைப்போலவே தேவனோடு இருந்தவர் என்று பேர் வாங்கினார். இதைக் கேட்டு அவர் ஏதோ பிறவி ஞானி என்று எண்ணிவிடாதீர்கள். முதல் பத்து வருஷம் பெரும் போராட்டமாக இருந்தது என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மனம் விலகிப்போனதை உணர்ந்தால், தன்னை நொந்துகொண்டு உட்காராமல், அதைத் தேவனிடம் ஒப்புக்கொண்டு உடனே திரும்புவதே அவர் வழக்கம். உங்களில் பலர் விலகியதால் இழந்த நேரத்தைவிட, விலகிவிட்டோமே என்று வருந்தி இழக்கும் நேரம் அதிகம். அரை மணி ஜெபத்தில் இருபது முறை மனம் ஓடினால் இருபது முறை திரும்புங்கள். இருபது முறையும் நீங்கள் ஆண்டவரைத் தேர்ந்துகொண்டீர்கள் என்று அதற்கு அர்த்தம்.

திரும்புவதற்கு ஓர் இடமும் நேரமும் வேண்டும். தானியேல் சும்மா இருந்தவர் அல்லர். தரியு ராஜாவின் 120 தேசாதிபதிகளிடம் கணக்குக் கேட்கிற மூன்று பிரதானிகளில் ஒருவர். எருசலேமை நோக்கிய பலகணிகள் திறந்திருந்த மேலறையில் தினம் மூன்று வேளை முழங்காலிட்டார். ஜெபித்தால் சிங்கக்கெபி என்று சட்டம் வந்த அன்றும், முன் செய்துவந்தபடியே செய்தார். பழகிய பழக்கம் அந்த நாளில் அவரைத் தாங்கியது.

என் தாயார் படிக்காதவர். அவருக்கு மேலறை கிடையாது. அரிசிப் பானைதான் இருந்தது. உலைக்கு அரிசி அளந்தபின், அளந்த உழக்கிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார். கர்த்தருக்கென்று எடுத்த அரிசி அது. பின்பு கோயிலுக்குப் போகும். மூட்டையிலிருந்து எடுத்தால் யாருக்கும் தெரியாது. அளந்ததிலிருந்து எடுத்ததால் வீட்டில் எல்லோருடைய சாப்பாட்டிலும் கொஞ்சம் குறைந்தது. பஞ்ச காலத்திலும் அதை விடவில்லை. இந்தப் பழக்கம் நம் சபைகள் பலவற்றில் இருந்தது. மிசோரம் சபைகளில் 1910 முதல் பெண்கள் இதே விதமாகச் சேர்க்கும் அரிசியைக் கொண்டு மிஷனரிகளை அனுப்பி வருகிறார்கள். சோறு பொங்கும் ஒவ்வொரு வேளையும் அந்தக் கை ஒருமுறை தேவனிடம் திரும்பியது. நீங்கள் அரிசி எடுக்க வேண்டும் என்பதில்லை; பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஐந்து நிமிடமோ, மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரமோ போதும். ஆனால் அது தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

எதுவும் ஓடாத நாட்களும் வரும். துக்க வீட்டிலும் ஐசியு வாசலிலும் ஜெபிக்க வார்த்தை வராது. அந்த நேரத்தில் பரமண்டல ஜெபத்தைச் சொல்லுங்கள். சின்ன வயதில் மனப்பாடம் பண்ணியது அப்போது உதவும். அதுவும் பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள். வார்டில் எத்தனையோ தாய்மார்கள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். உணர்ச்சி இல்லாத ஜெபத்தை ஆண்டவர் கேட்கமாட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உணர்ச்சி வந்துபோகும். வராத நாளிலும் முழங்காலிடுகிறவர்களைத்தான் நான் கடைசிவரை விசுவாசத்தில் நிற்கக் கண்டிருக்கிறேன்.

பிள்ளைகளே, இன்று இரவே தொடங்குங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, வேதத்தை எடுத்து உட்காருங்கள். ஓர் அதிகாரம் போதும். நடுவில் அம்மா மாத்திரைக்குக் கூப்பிட்டால் எழுந்து போய் எடுத்துக் கொடுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுங்கள். வந்து, விட்ட வசனத்திலிருந்து வாசியுங்கள். நாளைக்கும் அதே நேரத்தில் உட்காருங்கள்.